ஒரே வட்டத்தில் இரண்டு விமானம்

அந்தோணிசாமி அண்ணன் இறந்த செய்தி நான் ஷிப்டில் இருக்கும்போது வந்தது. எங்கள் மாதிரி விமானக் குழுவின் வாட்ஸ்அப்பில் மாதக்கணக்கில் யாரும் வாய் திறந்ததில்லை. அன்று மட்டும் வரிசையாகக் கைகூப்பிய பொம்மைகள். மாரடைப்பு. நெய்வேலி நிலக்கரி மைன்ஸில் கன்வேயர் பராமரிப்பில் பெர்மனென்ட் ஊழியர். ஐம்பது வயதுகூட ஆகவில்லை.

அவரைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அவர் கன்ட்ரோல் லைன் விமானம் விட்டவர். ரேடியோ, ரிமோட் எதுவும் கிடையாது. கையில் ஒரு பிடி, அதிலிருந்து இரண்டு மெல்லிய எஃகுக் கம்பிகள், மறுமுனையில் எஞ்சின் வைத்த சின்ன விமானம். நடுவில் நின்று அதோடு நாமும் சுற்ற வேண்டும். ஒரு காலத்தில் நெய்வேலியில் பிளாக்குக்கு பிளாக் இதற்கு ஆள் இருந்தார்களாம். நான் சேர்ந்தபோது என்னையும் சேர்த்து ஐந்து பேர்.

கம்பிகளின் காற்றுத் தடையிலேயே எஞ்சின் சக்தி வீணாகிறதே, எதற்கு இந்த வேலை என்று முதல் நாளே கேட்டேன். அவர் கோபப்படவில்லை.

"வேஸ்ட்தான் தம்பி. ஆனா அது இழுக்கறது கையில தெரியும். ரிமோட்ல தெரியுமா? பேசிக்கினு நிக்காத, வந்து புடி."

பிடித்தேன். தலை சுற்றி விழுந்தேன். "இன்ஜினியர் சார் லேண்டிங் ஆயிட்டாரு" என்று மைதானத்துக்கே அறிவித்தார்.

அவருக்கு உயிர், சண்டை ஆட்டம்தான். ஒரே வட்டத்தில் இரண்டு விமானங்கள், ஒவ்வொன்றின் வாலிலும் நீளமான காகித நாடா. அடுத்தவர் நாடாவை உங்கள் ப்ரொப்பெல்லர் வெட்ட வேண்டும். ஓட்ட இருவர், விமானங்களைப் பிடித்திருந்து விட இருவர். நான்கு பேர் இல்லாமல் நடக்காது. மற்ற மூவரும் ட்ரோன் வாங்கிக் கல்யாண வீடியோ எடுக்கப் போய்விட்டார்கள். ஞாயிறுதோறும் அண்ணன் அவர்களுக்கு போன் செய்வார்.

"ஒரே ஒரு ஆட்டம்டா. அப்புறம் உங்கள கூப்புடவே மாட்டேன்."

அடுத்த வாரம் பார்க்கலாம் என்பார்கள். இரண்டு வருடமாக இதே பதில். அவர் திட்டக்கூட மாட்டார். எனக்குத்தான் எரியும்.

அடக்கத்துக்கு மூவரும் தவறாமல் வந்தார்கள். ஒருவர் ஊர்வலத்தை ட்ரோனில் படமெடுத்தார். இன்னொருவர் மைக்கைப் பிடித்து, அண்ணன் வானில் சுதந்திரமாகப் பறந்தவர் என்றார். அபத்தம். அவர் விமானம் ஒருநாளும் அவர் கையை விட்டுப் போனதில்லை.

கல்லறைத் தோட்ட வாசலில் மூவரையும் நிறுத்திச் சொன்னேன்: "இன்னைக்கு நாலு பேர் சேந்துட்டோம். ஆடணும்னு கேட்டவர்தான் இல்ல."

"துக்க நேரத்துல இப்படியா பேசுவ? ஞாயித்துக்கெழம வர்றோம். அவர் நெனப்புல ஒரு ஆட்டம் ஆடிடலாம்" என்றார் மைக் பிடித்தவர்.

ஞாயிறன்று வந்தவர் அண்ணனின் மனைவி மேரி அண்ணி மட்டும்தான். வெகுநேரம் காத்திருந்தோம். பிறகு அவரே என் விமானத்தைப் பிடித்துக்கொண்டார்.

"எப்ப வுடணும்?"

"நான் கையத் தூக்கும்போது, அண்ணி."

விட்டார். தனியாகச் சுற்றினேன். எரிபொருள் தீர்ந்து இறங்கியபோது வாலில் நாடா ஓர் அங்குலம்கூடக் குறையாமல் இருந்தது. நீங்கள் பக்கத்தில் நின்று ஆடியிருந்தால் நாடா கட்டிய முடிச்சு மட்டும்தான் மிஞ்சியிருக்கும், அண்ணா. போய் வாருங்கள்.