தலைகீழாய்க் கிடந்த மேடு

படம் வரைகிறவன் வேலையை விட்டுப் போன வெள்ளிக்கிழமை காலையிலிருந்தே தூறிக்கொண்டிருந்தது. தொல்லியல் துறை தோண்டிய குழியின் சுவரில் எந்த மண்ணுக்கு மேல் எந்த மண் என்று அளந்து வரைவது அவன் வேலை. வெளிநாட்டில் ஒரு கட்டட நிறுவனம் கூப்பிட்டிருந்தது. பெட்டியை ஜீப்பில் போட்டுவிட்டுத் குளத்தங்கரைத் தகரக் கொட்டகைக்குள் தலையை நீட்டினான்.

"ப்ளாக் மேடம், கடைசிப் படம் மேசையில இருக்கு. திரும்பத் திரும்ப அளந்துட்டேன். எனக்குப் புத்தி பிசகலைன்னா, இந்த மேடு தலைகீழா கிடக்கு."

"போற போக்குல இதையும் என் தலையில கட்டிட்டுப் போறியா? நல்லா இருப்பே!"

அவன் சிரித்துக்கொண்டே போய்விட்டான். அகழாய்வுக்குப் பொறுப்பான அவள்தான் படத்தை வைத்துக்கொண்டு முழித்தாள். பழையது அடியில், புதியது மேலே. மண் படிகிற முறை அது. இங்கேயோ சக்கரத்தில் வனைந்த மெல்லிய பானை ஓடுகள் அடியில் கிடந்தன. சக்கரத்தையே அறியாத, கையால் பிடித்த முரட்டுப் பானைகள் உச்சியில் உட்கார்ந்திருந்தன. பேரன் பிறந்த பிறகு தாத்தா பிறந்த கதைதான்.

மேலதிகாரிக்கு இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. "எலி கிளறியிருக்கும்மா. 'கலைந்த மண்'ணுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்க."

அப்படி எழுதினால் மேடும் சுற்றியிருந்த நிலமும் துறையின் கையை விட்டுப் போய்விடும். சரக்குக் கிடங்கு கட்ட ஆள் தயாராகக் காத்திருந்தது. எலி இவ்வளவு ஒழுங்காகக் கிளறுமா? அடுக்குகள் வரிசையாகத்தான் இருந்தன, வரிசைதான் திரும்பிக் கிடந்தது. கொட்டிய மண்ணோ என்றும் ஒருமுறை யோசித்தாள். அத்தனை மண்ணை எங்கிருந்து எடுத்திருப்பார்கள்? வெட்டிய பள்ளம் எதுவும் அவள் கண்ணில் படவில்லை. கையெழுத்துப் போட மனம் வரவில்லை. போடாததற்குச் சொல்லக் காரணமும் இல்லை.

வழக்கமாக அவள், 'ப்ளாக் மேடம்' என்ற பெயரை வாங்கித் தந்த தன் வலைப்பூவில், காயாத செங்கல்லில் நடந்துபோன பூனையின் காலடி, பழைய கதவுகள் சுழன்ற குடுமிக் குழி, எலும்பில் செய்த பொத்தான் என்று தனக்குப் பிடித்ததை எல்லாம் எழுதுவாள். இந்த முறை அந்தப் படத்தை ஏற்றி, "எனக்குப் புரியவில்லை. உங்களுக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

பதில்கள் குவிந்தன. ஒருவர் வெள்ளம் என்றார். ஒருவர் பூகம்பம் என்றார். இன்னொருவர், "படத்தைத் தலைகீழா ஏத்திட்டீங்க, கொஞ்சம் திருப்பிப் போடுங்க மேடம்" என்று அக்கறையாக எழுதியிருந்தார். ஒரு நொடி அவள் அதையும் சரிபார்த்தாள்.

"முகம் தெரியாத ஆளுங்ககிட்ட எல்லாம் எனக்கு ஒண்ணும் தெரியலைன்னு சொல்லிக்கிறியே, வெக்கமா இல்ல?" என்றாள் அக்கா.

"தெரியலைக்கா. அதான் தெரியலைன்னு எழுதினேன்."

"உன்னைக் கட்டிக்கிட்டு அழுற ஆபீஸைத்தான் சொல்லணும்!"

ஆபீஸ் அழவில்லை. அவளைக் கிடங்கு அறையில் ஓடுகளுக்கு எண் எழுதும் வேலைக்கு மாற்றியது. வருஷங்கள் ஓடின. வெள்ளம் என்று ஒரு பதிவு எழுதுவாள், மறுவாரம் அதை அவளே மறுத்து எழுதுவாள். வாசகர்கள் குழம்பிப்போய் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். கடைசியில் அலுத்துப்போய், திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டுத் தருவதாக மேலதிகாரியிடம் ஒப்புக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எப்போதோ எழுதிய அந்தப் பழைய பதிவின் அடியில் ஒரு புதுச் செய்தி வந்து விழுந்தது:

"ப்ளாக் மேடம், நான்தான், உங்க படம் வரையுறவன். இங்க ஒரு கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்டுறாங்க. மேல் மண்ணை முதல்ல கொட்டினாங்க, அது அடியில போயிடுச்சு. ஆழத்து மண் அப்புறமா வந்து அதுமேல ஏறி உக்காந்துடுச்சு. டீ ஆறிப்போனது கூடத் தெரியாம பாத்துட்டு நின்னேன். நாம தோண்டினது ஊர் இல்ல, யாரோ ஊரைத் தோண்டி வெளியே போட்ட மண். எங்கேருந்துன்னு கேப்பீங்க. நாம தினமும் உக்காந்து ஓடு கழுவுவோமே, அந்தக் குளத்துக்கு நாலு மூலை இருந்துச்சு இல்ல? இல்ல, நானா அப்படி நினைச்சுக்கிறேனா? வெட்டின குளம்னா, ஊரோட மிச்சம் கரையைச் சுத்தி இன்னும் மண்ணுக்குள்ளதான் இருக்கணும். எனக்கும் குழப்பமாத்தான் இருக்கு. நீங்க இன்னும் கையெழுத்துப் போடலதானே?"