ஒரு தட்டு என்றால் இன்னும் கொஞ்சம்

இதை நம்புங்கள் என்று உங்களைக் கெஞ்சப் போவதில்லை. போன வருடம் ஏப்ரல் மாதம் வேறு யாராவது இதை என்னிடம் சொல்லியிருந்தால், "வெயில் மண்டைக்கு ஏறிடுச்சா?" என்று கேட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருப்பேன். ஆனால் இது நடந்தது. எனக்கு நடந்தது. ராத்திரியில்கூட இல்லை. பட்டப்பகலில், மேற்கு மாம்பலத்தில், அக்கினி நட்சத்திர வெயிலில் நடந்தது. டியூனிங் செய்யும்போது நேரத்தையும் வால்யூமையும் நோட்டில் குறித்து வைப்பது என் வழக்கம். அந்த நோட்டு இப்போதும் என் மேஜை டிராயரில் இருக்கிறது.

என் பெயர் அறிவு. கார்களுக்கு ஆடியோ பொருத்துவது தொழில். துரைசாமி சுரங்கப்பாதைக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு ஷெட். அடுத்த ஷெட் சேட்டுவுடையது. டிங்கரிங், பெயிண்டிங் எல்லாம் அவன். காலையிலிருந்து சுத்தியலால் தகரத்தைப் போட்டு அடித்துக்கொண்டே இருப்பான். மதியம் இரண்டரைக்குச் சாப்பிடப் போனால் மூன்றரைக்குத்தான் வருவான். அந்த ஒரு மணி நேரம்தான் என் சந்தில் அமைதி. அதனால் டியூனிங்கை எப்போதும் அந்த நேரத்தில்தான் வைத்துக்கொள்வேன்.

பதினான்கு வருடம் இந்த வேலையை நான் தனியாகச் செய்ததில்லை. என் மனைவி அன்புக்கரசி கூட இருந்தாள். காது என்றால் அவள் காதுதான். நான் டிரைவர் சீட்டில் உட்காருவேன். அவள் பின்னால் உட்காருவாள். கண்ணாடிகளை ஏற்றி, கதவுகளை மூடிவிடுவோம். பாட்டு அலறும்போது பேசினால் கேட்காது, அதனால் பக்கத்தில் இருக்கும் தகரத்திலோ பலகையிலோ தட்டுவாள். ஒரு தட்டு என்றால் இன்னும் கொஞ்சம் ஏற்று. இரண்டு தட்டு என்றால் போதும், சரியாக இருக்கிறது. அந்த இரண்டு தட்டு லேசில் வராது. ஒன்று, ஒன்று, ஒன்று என்று என் உயிரை வாங்குவாள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம் நெஞ்சு வலிக்கிறது என்றாள். மறுநாள் காலையில் இல்லை.

அதன் பிறகு எல்லாம் தனியாகத்தான். முன்னால் உட்கார்ந்து வால்யூமை ஏற்றுவேன். பிறகு நானே பின்னால் போய் உட்கார்ந்து கேட்பேன். வீட்டுக்குப் போனால் பேச ஆள் இல்லை. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, லோன் வேண்டுமா என்று கேட்கும் பெண்ணிடம்கூட நான்கு வார்த்தை பேசிவிட்டுத்தான் போனை வைப்பேன்.

அப்படி இருந்தபோதுதான், கூரை டிக்கி வரை நீண்ட அந்தப் பழைய ஸ்டேஷன் வேகன் கார் வந்தது.

எந்தக் கம்பெனி வண்டி என்று சொல்ல மாட்டேன். சொன்னால் மைலாப்பூரில் பாதிப் பேருக்கு யார் வீட்டு வண்டி என்று தெரிந்துவிடும். கொண்டுவந்தவர் பெயர் ஸ்ரீவத்சன். நாற்பது வயது இருக்கும். ஐ.டி. வேலை.

"எங்க பெரியப்பாவோட வண்டி. நாப்பது வருஷமா தார்ப்பாய்க்குள்ளயே கிடந்தது. இதை வெளியில எடுத்ததே எங்கம்மாவுக்குப் பிடிக்கலை. எனக்கு ரொம்ப ஆசை" என்றார்.

சேட்டு மூன்று மாதம் உழைத்தான். துருவையெல்லாம் வெட்டி எறிந்து, புதுத் தகரம் வைத்து, வெண்ணெய் நிறத்தில் பெயிண்ட் அடித்து, வண்டியைக் கல்யாண மாப்பிள்ளை மாதிரி ஆக்கிவிட்டான். அதன் பிறகு என் கைக்கு வந்தது.

உள்ளே பழைய கேசட் செட் ஒன்று. பின் சீட்டுக்குப் பின்னால் ஒரு பிளைவுட் பெட்டி. வண்டியின் அகலம் முழுக்க, தரையிலிருந்து கூரை வரை, ஒரு சுவர் மாதிரி நின்றது. முன்பக்கம் பார்த்து நான்கு ஸ்பீக்கர்கள். பெட்டிக்குப் பின்னால் டிக்கியில் இரண்டடி இடம்தான் மிச்சம். சீட்டிலிருந்து அந்த இடத்துக்குப் போக வழி கிடையாது, பார்க்கவும் முடியாது. டிக்கிக் கதவுக்கு உள்பக்கம் கைப்பிடி இல்லை. அதன் கண்ணாடியில் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தது.

"பெட்டி அப்படியே இருக்கட்டும். அந்தக் கால லுக் போயிடக் கூடாது. உள்ள மட்டும் எல்லாம் புதுசு போட்டுடுங்கோ" என்றார் ஸ்ரீவத்சன்.

புது ஸ்பீக்கர்கள், புது வயரிங், டிக்கியில் ஆம்ப்ளிபையர். வேலை செய்யும்போது பெட்டியின் பின்பக்கத்தில் ஒன்றைப் பார்த்தேன். தரையிலிருந்து இரண்டடி உயரத்தில், ஒரே இடத்தில், பாலிஷ் தேய்ந்து பலகை லேசாகக் குழிந்திருந்தது. ஜாக்கி கம்பி உரசியிருக்கும் என்று நினைத்தேன். அதன் மேலேயே அதிர்வு தாங்கும் ஷீட்டை ஒட்டினேன். டிக்கியைச் சாத்தினேன்.

திங்கட்கிழமை. சேட்டு சாப்பிடப் போய்விட்டான். டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். கண்ணாடிகளை ஏற்றினேன். நாதஸ்வரம் ஒன்றைப் போட்டேன். வால்யூம் 12.

மணி 2.40.

டொக்.

என் விரல் தானாக வால்யூமை 14-க்கு ஏற்றியது. பதினான்கு வருடப் பழக்கம். ஏற்றிய பிறகுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது. பின்னால் யாரும் இல்லை. கழுத்தெல்லாம் சில்லிட்டது, அந்த வெயிலில்.

பலகை சூட்டில் விரிகிறது, அவ்வளவுதான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

டொக்.

ஒரே ஒரு தட்டு. தெளிவாக. 16-க்கு ஏற்றினேன். இந்த முறை தெரிந்துதான் ஏற்றினேன்.

டொக்.

18. ரியர் வியூ கண்ணாடியில் பார்த்தேன். பின் சீட்டு காலி. அதற்குப் பின்னால் பெட்டி. அதற்குப் பின்னால் இருப்பது கண்ணுக்குத் தெரியாது. "அன்பு?" என்றேன். அந்தப் பெயரைச் சத்தமாகச் சொல்லி இரண்டு வருடம் ஆகியிருந்தது.

டொக்.

நான் அழுதுவிட்டேன். பயத்தில் இல்லை. சந்தோஷத்தில்.

நீங்கள் கேட்கலாம், உடனே இறங்கிப் போய் டிக்கியைத் திறந்து பார்க்க வேண்டியதுதானே என்று. அங்கேதான் என் புத்தி வேறு மாதிரி வேலை செய்தது. திறந்தால் அங்கே ஆம்ப்ளிபையரும் ஸ்டெப்னியும்தான் இருக்கும். அதைப் பார்த்துவிட்டால் எல்லாம் முடிந்துபோகும். திறக்காதவரை அவள் அங்கே இருக்கிறாள். அதனால் திறக்கவில்லை. 3.10-க்குத் தட்டு நின்றது.

செவ்வாய்க்கிழமை தலைவாரிக்கொண்டு, நல்ல சட்டை போட்டுக்கொண்டு போனேன். அவளுக்குப் பிடித்த பாட்டுகளைப் போட்டேன். 2.40-க்கு ஆரம்பித்தது. 12, 14, 16, 18, 20... ஒவ்வொரு தட்டுக்கும் ஏற்றிக்கொண்டே போனேன். நடுநடுவே அவளிடம் பேசினேன். மேல்வீட்டுக்காரன் தண்ணீர் மோட்டாருக்குச் சண்டை போட்டது, நான் சமைத்த ரசம், எல்லாம். இரண்டு தட்டு மட்டும் வரவேயில்லை. "உனக்கு எப்பத்தான் போதும்னு தோணியிருக்கு?" என்று சிரித்தேன்.

ஒரு வாசனை வந்தது. வாடிய கனகாம்பரமும் வியர்வையும் கலந்தது போல. அன்பு கனகாம்பரம் வைக்க மாட்டாள். வாசனையே இல்லாத பூவை எதற்கு வைக்கணும் என்பாள். கனகாம்பரத்துக்கு வாசனை கிடையாதே என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.

கண்ணாடியில் தட்டுகிற சத்தம் கேட்டுத் தூக்கிவாரிப் போட்டது. சேட்டு. அன்றைக்குச் சீக்கிரம் வந்துவிட்டான். மணி 3.05.

"இன்னா நைனா, உள்ள யாராண்ட பேசிக்கினு கீற?"

"போன்ல."

"போனு அதோ மேசை மேல கீது."

அவன் வண்டியைச் சுற்றிப் பின்பக்கம் போனான். நின்றான்.

"இது இன்னா... பின்னாடி கண்ணாடி வேர்த்துகினு கீது? ஏசியே இல்லாத வண்டி நைனா இது."

இறங்கிப் போய்ப் பார்த்தேன். கறுப்புத் தாள் ஒட்டிய கண்ணாடியின் கீழ் ஓரத்தில், தாள் உரிந்திருந்த இடத்தில், உள்பக்கம் ஆவி படிந்திருந்தது. யாரோ வாயை வைத்து ஊதியது போல. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது சுருங்கியது. மறுபடி விரிந்தது.

சேட்டு டிக்கிப் பிடியில் கையை வைத்தான். "அய்யே, இன்னா சூடு! தொற நைனா, இன்னான்னு பாப்போம்."

"தொடாதடா!"

நான் போட்ட சத்தத்தில் எதிர்ச் சாரியில் ஒரு ஜன்னல் திறந்தது. சேட்டு கையை எடுத்தான். என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

"நீ சரியில்ல. வூட்டாண்ட போய்ப் படு" என்றான்.

புதன்கிழமை. கடைசி நாள்.

2.40.

டொக்.

முன்பு போல இல்லை. மெதுவாக இருந்தது. ஏற்றினேன். 22.

வெகு நேரம் கழித்து... டொக். 24.

வண்டி முழுக்க அதிர்ந்தது. என் காது வலித்தது.

அடுத்த தட்டு கிட்டத்தட்டக் கேட்கவேயில்லை. பலகையில் நகம் பட்டது போல. 26.

பிறகு இல்லை.

மணி 3.02.

காத்திருந்தேன். இரண்டு தட்டுக்காக. 3.30 வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். சேட்டுவின் சுத்தியல் ஆரம்பித்ததும் இறங்கினேன். டிக்கியில் கன்னத்தை வைத்துச் சொன்னேன்.

"இரு. நாளைக்கு வரேன்."

பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு வண்டியை மைலாப்பூருக்கு ஓட்டிக்கொண்டு போனேன். வழியெல்லாம் காதைத் தீட்டி வைத்திருந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. லஸ் சிக்னலில் நிற்கும்போது, இந்த வண்டியை நானே விலைக்குக் கேட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

சித்திரக்குளத்துக்குப் பின்னால் வீடு. ஸ்ரீவத்சன் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து, குழந்தை மாதிரி பட்டன்களை அமுக்கிக்கொண்டிருந்தார். அவருடைய அம்மா ஜெயலக்ஷ்மி கேட்டுக்கு உள்ளேயே நின்றுவிட்டார். எழுபதைத் தாண்டிய வயது. வண்டியின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மகனுக்குப் போன் வந்தது. பேசிக்கொண்டே அவர் மாடிக்குப் போனதும் அந்த அம்மா என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

"பின்னாடி ஏதாவது சத்தம் கேட்டேளா?"

"என்ன சத்தம்மா?"

"தட்டற சத்தம்."

நான் தலையாட்டினேன்.

அவர் கேட்டைப் பிடித்துக்கொண்டார். மாடியை ஒரு தரம் பார்த்துவிட்டு, வேகமாக, தணிந்த குரலில் சொன்னார்.

"எண்பத்தி மூணு, மே மாசம். என் நாத்தனாருக்குச் சீமந்தம். ஆத்துல பூரா மனுஷா. எங்காத்துக்காரரோட அண்ணா அன்னிக்குத்தான் அந்தப் பெட்டியை மாட்டிண்டு வந்தார். வாசல்ல வண்டியை நிறுத்தி, கண்ணாடியெல்லாம் ஏத்தி, பாட்டை வச்சுட்டு, தெருக்கோடி வரைக்கும் கேக்கறதா பாருங்கோன்னார். கொழந்தைகள்ளாம் கண்ணாமூச்சி ஆடிண்டிருந்தா. என் பொண்ணு வேதவல்லி. ஸ்ரீவத்சனுக்கு முன்னாடி பொறந்தவ. ஆறு வயசு, தலை நிறைய கனகாம்பரம். டிக்கி திறந்திருந்ததுன்னு ஏறி ஒளிஞ்சுண்டிருக்கா. யாரோ வந்து சாத்திட்டா."

மறுபடி மாடியைப் பார்த்தார்.

"ரெண்டே முக்கால் இருக்கும். ஏதோ தட்டற மாதிரி இருக்கேன்னு என் நாத்தனார் சொன்னா. பாட்டுத் தாளம்டீன்னு சிரிச்சேன். நன்னா இருக்கு, இன்னும் கொஞ்சம் பெருசா வைங்கோன்னு... நான்தான் சொன்னேன். பெத்தவ. நாலேகாலுக்குத்தான் திறந்தா."

சந்தில் எங்கோ ஒரு ஆட்டோ போனது.

அது அன்பு இல்லை. ஒரு நாளும் இல்லை. மூன்று நாள், உள்ளே இருந்து அந்தக் குழந்தை தட்டியது. ஒவ்வொரு தட்டுக்கும் நான் என்ன செய்தேன் என்று என் நோட்டில் எண்ணோடு இருக்கிறது.

"ஜுரத்துல போயிட்டாள்னுதான் இவனுக்குச் சொல்லி வளர்த்தோம்" என்றார். பிறகு என் முகத்துக்கு நேராகப் பார்த்துக் கேட்டார். "அவ தட்டினாளே. நீங்க என்ன பண்ணினேள்?"

உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். அந்தக் கண்களைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

"உடனே போய் டிக்கியைத் திறந்தேம்மா."

அவர் என்னைப் பார்த்துக் கைகூப்பினார். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. "நன்னா இருப்பேள்" என்றார். நான் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் தனியாகப் படுத்திருந்தேன். போன் அடித்தது. மணி 2.43.

ஜெயலக்ஷ்மி அம்மா. குரல் நடுங்கியது.

"நீங்க திறந்தேன்னு சொன்னேளே..."

"ஆமாம்மா."

"நிஜமா திறந்தேளா?"

எழுந்து உட்கார்ந்தேன்.

"அப்போ ஏன் இன்னும் தட்டிண்டிருக்கா?"

போனை அவர் காதிலிருந்து எடுத்து எதற்கோ பக்கத்தில் பிடித்தது போல இருந்தது.

டொக்.

கையில் இருந்த போனைப் பார்த்தேன். என் கட்டைவிரல் அதன் சத்தத்தை ஒரு படி ஏற்றியிருந்தது.