எக்காரணத்தால் சேதம் ஏற்பட்டாலும்

எழுபதுகளின் கடைசியில், தனியாகத் தொழில் தொடங்கிய புதிதில், ஜவ்வாது மலையில் ஓர் ஓடைப் பாலத்துக்கு வரைபடம் போட்டுக் கொடுத்தேன். அரசு ஒப்பந்தத்தை முழுதும் படிக்காமலே கையெழுத்திட்டிருந்தேன். முதல் மழையிலேயே பாலத்தின் தூண் ஒன்று சாய்ந்தது. 'எக்காரணத்தால் சேதம் ஏற்பட்டாலும் வரைபடம் தந்த பொறியாளரே முழுப் பொறுப்பு' என்ற ஒப்பந்த வரியைக் காட்டி நோட்டீஸ் வந்தது.

ஆலங்காயத்திலிருந்து பஸ் மலையேறும்போது வரைபடத்தை மடியில் விரித்து, எங்கே தவறினேன் என்று தேடிக்கொண்டே போனேன்.

ஓடைக்கரையில் விசாரணை அதிகாரி, "கையெழுத்து உங்களுதுதானே?" என்று மட்டும் கேட்டார். தலையாட்டினேன்.

அப்போது, அங்கே தூணுக்குக் குழி வெட்டிய மலைக்காரப் பெண் ஒருவர் முன்னால் வந்தார்.

"இந்த சார் வந்தப்போ பாறை தட்டுற வரைக்கும் தோண்டச் சொன்னாருங்க. அவரு போனதும் இடுப்பளவு போதும்னுட்டாரு காண்ட்ராக்டரு."

"இன்னா பேசுற நீ?" என்றார் பக்கத்தில் நின்ற காண்ட்ராக்டர்.

"வெட்டுனது நானுங்க. தோண்டிப் பாருங்க."

தோண்டிப் பார்த்தார்கள். பாறை இன்னும் ஓர் ஆள் ஆழத்தில் இருந்தது. என்மேல் குற்றமில்லை என்று அதிகாரி எழுதினார். அந்தப் பெண்ணை அதன்பிறகு யாரும் சாலை வேலைக்குக் கூப்பிடவில்லை என்று பின்னர் கேள்விப்பட்டேன்.

அடுத்த ஒப்பந்தத்தில் அந்த வரியை அடித்துவிட்டு, 'என் வரைபடத்தின் பிழைக்கு மட்டும் நான் பொறுப்பு' என்று எழுதினேன். வேலை வேறொருவருக்குப் போனது. அதில் வருத்தமில்லை. அன்று பிழைத்த நிம்மதியில், அந்தப் பெண்ணின் பெயரைக்கூடக் கேட்காமல் பஸ் ஏறிவிட்டேன். அதுதான் உறுத்துகிறது.