காசியிலிருந்து வெறுமையாக வந்த பெட்டி

என் கடையின் மேல்மாடியில் பச்சை நிறத் தகரப் பெட்டி ஒன்று கிடக்கிறது. கல்முனைக் கடைத்தெருவில் என்னுடையதைவிடப் பெரிய புடைவைக் கடை யாரிடமும் இல்லை. அந்தக் கடையில் விலைக்கு இல்லாத ஒரே பொருள் அதுதான். மதராசில் வாங்கி, காசிவரை சுமந்து, வெறுமையாகத் திரும்பக் கொண்டுவந்தேன். அதை நிரம்பவிடாமல் செய்தவர் என் மனைவியின் தம்பி. மச்சான் என்று கூப்பிட்ட வாயால் இன்றைக்கு அவர் பெயரைக்கூடச் சொல்வதில்லை.

எழுபதுகளின் கடைசி. வெளிச் சரக்குக்கு நாடு கதவைத் திறந்துவிட்டிருந்த நேரம். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மருதமுனையில் நெய்த சாரங்களைச் சைக்கிளில் கட்டி, பெரியநீலாவணையிலிருந்து ஆலையடிவேம்புவரை வீடு வீடாக விற்றுக் கடை போட்டவன். எங்கள் கரையின் மணப்பெண்களுக்குக் காசிப் பட்டுச் சேலையை முதலில் கொண்டுவருபவன் நானாக இருக்க வேண்டும் என்று முடிவெடுத்தேன். துணைக்கு மச்சான் ஒட்டிக்கொண்டார். ஒருமுறை காயல்பட்டணம் போய்வந்தவர். அதனால் இந்தியா முழுவதும் தெரியும் என்ற நினைப்பு. எதைக் கேட்டாலும், "எல்லாம் இந்தியாதானே மச்சான்" என்பார்.

எங்கள் ஊர்களில் வீடு பெண்ணுக்கு. கலியாணம் முடித்தவன் மனைவி வீட்டில் போய் இருப்பான். என் வாப்பாவும் அப்படித்தான் இருந்தார். அதில் யாருக்கும் குறைச்சல் இல்லை. மச்சானும் தன் மனைவி வீட்டில்தான் இருந்தார். ஆனாலும் என் வளர்ச்சி பொறுக்காத நாளெல்லாம், "எங்கட ராத்தாட ஊட்டுக் கதிரையில இரிந்துக்கு எங்களுக்கே புத்தி சொல்றாரு" என்று, தன் அக்காவான என் மனைவியைச் சொல்லி, நாலு பேர் கேட்கக் குத்துவார்.

தலைமன்னாரில் கப்பல் ஏறி இராமேஸ்வரத்தில் இறங்கினோம். முதலில் காயல்பட்டணம். அங்கேயும் மாப்பிள்ளை பெண் வீட்டில்தான். எந்த மகளுக்கு எந்த வீடு என்று மச்சான் விசாரிக்க, அவர்களும் சிரித்துச் சிரித்துக் கதைத்தார்கள். அதுவே அவருக்குத் தலைக்கேறிவிட்டது. மதராசுக்கு அப்பால் ரயில் போகப் போக எனக்குக் கண் திறந்தது. கோப்பி போய் மண்கோப்பைத் தேநீர் வந்தது. சோறு போய் ரொட்டி வந்தது. காற்றில் கடுகெண்ணெய் மணத்தது, பெண்களின் முக்காடு முகத்தில் இறங்கியது. ஒவ்வொரு விடியலிலும் வேறொரு நாட்டில் கண்விழிப்பதுபோல் இருந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன். அவர் மூடவில்லை.

காசியில் அந்தப் பட்டு வியாபாரி வெள்ளை மெத்தையில் இருந்தார். மதராசிலிருந்து எங்களோடு வந்த தரகர் இரண்டு பக்கமும் மொழிபெயர்த்தார். சேலையை நான் புரட்டி நெசவைத் தடவிய விதத்திலேயே வியாபாரி ஆளைப் புரிந்துகொண்டார். உங்கள் கரைக்கு உங்களைத் தவிர யாருக்கும் தரமாட்டேன் என்று கையடித்தார். அவருடைய மகன் என் பெட்டிக்குள் கடுதாசி விரித்து முதல் சேலையை வைத்தான். தேநீர் வந்தது. அந்த நேரம் பார்த்து மச்சான் வாயைத் திறந்தார்.

"இந்த மகன் கலியாணம் முடிச்சு எந்த ஊட்டுக்குப் போறாராம்? பொண்ணு பக்கம் நல்ல ஊடா குடுக்காங்க?"

தரகர் முகம் மாறியது. "பாய், இந்தப் பக்கம் இதைக் கேக்கக் கூடாது. மாமனார் வீட்டுல ஒட்டிக்கிட்டுத் திங்கிறவன்னு ஆயிடும்."

"காயல்பட்டணத்துல சந்தோஷமாக் கதைச்சாங்களே. எல்லாம் இந்தியாதானே. சொல்லுங்க நீங்க. இந்தா, எங்கட மச்சானும் எங்கட ராத்தாட ஊட்டுலதான் இரிக்காரு."

தரகர் தயங்கித் தயங்கிச் சொன்னார். வியாபாரி கோப்பையைக் கீழே வைத்தார். கோபப்பட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவர் என்னை எச்சில் இலைக்கு வந்தவனைப் போலப் பார்த்தார். இது எங்கள் ஊர் வழமை என்று தரகரைக் கொண்டு சொல்லவைத்தேன். சொந்தக் கூரை இல்லாதவன் சொல்லை எதை நம்பி எடுப்பது என்று கேட்டார். மகன் குனிந்து சேலையை எடுத்துக்கொண்டான். கடுதாசி மட்டும் பெட்டியில் கிடந்தது.

ஊருக்கு வந்த மச்சான், எனக்குப் பேரம் பேசத் தெரியாமல் காரியம் கெட்டது என்று தேநீர்க் கடையில் கதை கட்டினார். நான் மறுபடி தனியாகப் போனேன், இந்தமுறை சூரத்துக்கு. அங்கே யார் வீட்டில் இருக்கிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. எவ்வளவு வேகமாக விற்பாய் என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. இந்தக் கடை அந்தப் பதில்தான்.

கையில் காசு சேர்ந்ததும் என் பேரில் மாடி வீடு ஒன்று கட்டினேன். "நான் எங்கட ஊட்ட உட்டுட்டு வரமாட்டன்" என்றாள் மனைவி. பிறகு மகளுக்குக் கலியாணம் வந்தது. அந்த மாடி வீடு மகளுக்குப் போனது. அதுதான் எங்கள் வழமை. அதில் எனக்கு வருத்தமில்லை. கலியாணத்துக்குப் பிந்திய முதல் பெருநாளன்று மச்சான் அங்கே வந்தார். விருந்துக்கு வந்தவர்கள் எல்லோரும் கேட்க, என் மருமகனிடம், "என்ன மருமகன், மாமாட ஊடு வசதியா இரிக்கா?" என்றார்.

அந்தப் பையன் தலை குனிந்தான். காசியில் என் தலை குனிந்த அதே குனிவு.

"இது அவர்ட ஊடு. நீங்க எழும்புங்க" என்றேன்.

"பகிடிக்குச் சொன்னன், மச்சான். அந்தக் காசிப் பெட்டிக் கோபம் இன்னும் போகல்லயா?"

"போகல்ல. எழும்புங்க."

எழும்பிப் போனார். அதுதான் கடைசி. இப்போது படுக்கையில் கிடக்கிறாராம், என்னைப் பார்க்க வேண்டுமாம். "ஒருக்காப் போய்ட்டு வாங்களன், என்ட தம்பிதானே" என்று மனைவி கேட்டாள். அவளுடைய வீட்டு முற்றத்தில் இருந்துகொண்டு, மாட்டேன் என்றேன். கடையின் மேல்மாடிக்கு வந்து பெட்டியைத் திறந்தேன். காசியில் விரித்த கடுதாசி மஞ்சளாகிப் போய் அடியில் அப்படியே இருக்கிறது. கடையில் இடமில்லாமல் சரக்கு படிவரை அடுக்கிக் கிடக்கிறது. இதற்குள் முகம் துடைக்கும் ஒரு கைலேஞ்சிகூட வைக்க நான் விட்டதில்லை.