கீரைக்காரியும் மின்கம்பத்து சென்சாரும்

நீலசந்திராவின் ஒரு தெருவில் தள்ளுவண்டியில் கீரை விற்கும் தமயந்தி, ‘கீரே... சொப்பே...’ என்று தமிழிலும் கன்னடத்திலும் கூவினால் மூன்றாவது மாடிக்காரர்களும் எட்டிப் பார்ப்பார்கள். அந்தத் தெருவின் மின்கம்பத்தில் இரைச்சலை அளக்க மாநகராட்சிக்காரர்கள் ஒரு சென்சாரை மாட்டினார்கள். கேட்பது எதன் சத்தம் என்று செயற்கை நுண்ணறிவே கண்டுபிடித்துவிடும் என்றார்கள்.

சில நாள் கழித்து சுஹாஸ் என்ற இன்ஜினியர் அந்த சென்சாரோடு இணைத்த டேப்லெட்டோடு வந்தார்.

“அம்மா, தினம் காலைல இங்க யாரோ டிரில்லிங் மெஷின் ஓட்டுறாங்க. எந்த வீடுன்னு தெரியுமா?”

“அப்படி ஒண்ணும் இல்லியே சார்” என்றவள், வியாபாரம் கெட்டுவிடக் கூடாதே என்று திரும்பி ஒருமுறை கூவினாள். டேப்லெட் கீச்சிட்டது. திரையில் சிவப்பாக ‘டிரில்லிங்’ என்று வந்தது.

பக்கத்தில் பூண்டு விற்றுக்கொண்டிருந்த அவள் கணவன் இளங்கோவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “கல்யாணமான நாள்லருந்து நானும் இதத்தான் சார் சொல்றேன்!”

தமயந்திக்கு முகம் சுண்டிப்போயிற்று. மறுநாள் வாயே திறக்காமல் வண்டியைத் தள்ளினாள். பாதிக் கீரை வாடிப்போனது. மாடிவீட்டு விஜி இறங்கி வந்து, “ஏன்க்கா இன்னிக்கு கூவல? உன் சத்தம் கேட்டாத்தான் எங்க வீட்டுல எழுந்திருப்பாங்க. புள்ளைங்க ஸ்கூல் பஸ்ஸ விட்டுடுச்சுங்க” என்று சண்டை பிடித்தாள்.

அந்த நேரத்தில் சுஹாஸ் மறுபடி வந்தார். “உங்க குரல மெஷினுக்குப் பழக்கணும்மா. ஒரு தடவ கூவுறீங்களா?”

தமயந்தி கொண்டையை இறுக்கி முடிந்துகொண்டு, அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சேர்த்துக் கூவினாள். சுஹாஸ் டேப்லெட்டைக் கீரைமேல் போட்டுவிட்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

“பதிவாச்சா சார்?” என்று கேட்டாள் தமயந்தி. “இல்லன்னா இன்னும் கொஞ்சம் சத்தமா கூவுறேன்.”