வயிற்றோட்டம் நின்ற நாள்

வவுணதீவில் எங்கள் வளவுக்குள் மூன்று வீடுகள். நடுவில் என்னுடைய சீதன வீடு, ஒரு பக்கம் அம்மா, மறுபக்கம் அக்கா. மூன்று குடும்பத்துக்கும் கிணற்றடியில் ஒரே கக்கூஸ். எந்த வீட்டுக் குசினி அடுப்படியில் நின்று பார்த்தாலும் யார் வாளியோடு போகிறார்கள், யார் வருகிறார்கள் என்று தெரியும். அக்காவுக்கும் எனக்கும் அது ஒரு விஷயமே இல்லை, பிறந்ததிலிருந்து அப்படித்தான். என் கணவருக்குத்தான் அது உயிர் போகிற காரியம். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்த ஆண்தான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பான். இவர் கொக்கட்டிச்சோலையிலிருந்து வந்து, மூத்த மகள் கம்பஸுக்குப் போகிற வயதுக்கு வந்துவிட்டாள். இன்னும் அம்மா முற்றத்தில் நின்றால் வாளியைக் கீழே வைத்துவிட்டு முருங்கை மரத்தில் காய் பார்ப்பதுபோல நிற்பார். அப்படி ஒரு மனிசன்! எனக்குச் சிரிப்பும் வரும், பற்றிக்கொண்டும் வரும்.

வயலில் வரம்பு கட்டும்போது மண்வெட்டி பட்டு அவருடைய குதிகாலில் காயம் வந்தது. சீழ் பிடித்ததும் ஆஸ்பத்திரியில் அன்டிபயோட்டிக் குளிசை கொடுத்தார்கள், காயம் ஆறியது. அத்தோடு விட்டிருக்கலாம்தானே. விதைப்புக் காலம், சேற்றுக்குள் இறங்க வேண்டும், மறுபடி புண் வந்துவிட்டால் என்று பயந்து, தீர்ந்துபோன குளிசையின் வெறும் அட்டையை டவுனில் ஒரு பாமசியில் காட்டி, அதே குளிசையை இன்னும் வாங்கி விழுங்கினார். இங்கே எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். அட்டையைக் காட்டினால் கொடுப்பார்கள், யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

விதைத்து முடித்த கையோடு வயிற்றோட்டம் தொடங்கியது. நான் மூன்று பிள்ளைகளின் வயிற்றோட்டத்தைக் கழுவியவள். இது அந்த நாற்றமில்லை. கிணற்றடிக்குத் தண்ணீர் அள்ளப் போனாலே குமட்டியது. அம்மா சும்மா இருப்பாரா? எலுமிச்சம்புளி விட்ட தேயிலைச் சாயத்தண்ணி ஒரு நாள், மாதுளங்கோது என்று மாதுளம்பழத் தோலை அவித்த தண்ணி மறுநாள்.

“வயித்தக் கட்டணும் புள்ள, கட்டாட்டி மருமகன் வத்திப் போயிருவார்” என்று என்னிடம் கொடுத்துவிட்டு, தன் குசினியில் நின்றபடியே கத்துவார்: “இப்ப எப்பிடிக் கா, நிண்டுட்டா?”

அக்கா தன் பக்கமிருந்து கத்துவாள்: “இல்ல போல அம்மா, இப்பயும் போறார்!”

இவர் வாளியோடு நடு முற்றத்தில் நிற்பார். அந்த முகத்தை நினைத்தால் இப்போது எனக்கு அழுகை வருகிறது. அப்போது நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

அந்தக் கிழமைதான் அக்காவின் மகளுக்குச் சாமத்திய வீடு, பெரியபிள்ளையான சடங்கு. வளவு முழுக்கப் பந்தல், கதிரை, பாட்டுப்பெட்டி. இரண்டு பக்கத்துச் சொந்தமும் வந்து இறங்கியது. பெண்கள் கக்கூஸ் வாசலில் வரிசையில் நின்று கதை பேசினார்கள். அந்த வரிசைக்குள் இவர் எப்படிப் போவார்? பிள்ளையின் சித்தப்பா சபையில் நிற்காமல் எங்கே போனார் என்றும் கேட்பார்களே. சடங்குக்கு முதல் நாளே வயிற்றோட்டம் நின்றுவிட்டது. அப்பாடா, கோயில் அம்மாள் கண் திறந்துவிட்டாள் என்று எனக்கிருந்தது. அம்மாவுக்கோ தன் மாதுளங்கோதை நினைத்துப் பெருமை பிடிபடவில்லை.

சடங்கன்று இவருக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். வேண்டாம் என்றார். போட்டோவுக்குக் கூப்பிட்டார்கள், கதிரையை விட்டு எழும்பவில்லை. சாரனை இளக்கி இளக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். கையைப் பிடித்தால் அனலாகக் கொதித்தது. அறைக்குள் இழுத்துக்கொண்டுபோய்ச் சட்டையைத் தூக்கினேன். வயிறு மத்தளம்போல இறுகி நின்றது.

“ஐயோ, இதென்ன இது!”

“காத்துக் கா. சத்தம் போடாத, ஆக்கள் நிக்கிறாங்க.”

சத்தம் போடாமல்! நான் போட்ட சத்தத்தில் பாட்டுப்பெட்டியை நிறுத்தினார்கள். ஓட்டோ பிடித்தோம், அம்மாவும் பாய்ந்து ஏறிக்கொண்டார். பாலத்தில் ஏறியதும் வாவித் தண்ணீர் ஈயம் பூசியதுபோல அசையாமல் கிடந்தது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் இவர் பல்லைக் கடித்தார். மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் இரண்டு முறை என்னை யாரென்று கேட்டார்.

டொக்டர் ஒரு இளம் பிள்ளை. வயிற்றை அமத்திப் பார்த்துவிட்டு, முகம் மாறி, வேறு என்ன குளிசை எடுத்தீர்கள் என்று கேட்டாள். இவர் அம்மாவைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். “ஒண்டுமில்ல” என்றார்.

“மறைக்காதீங்க ஐயா. தெரிஞ்சாத்தான் நான் ஏதும் செய்யலாம்.”

மறுபடியும் அம்மாவைத்தான் பார்த்தார். மனிசன் சாகக் கிடக்கிறார், மாமியாருக்கு முன்னால் வயிற்றைப் பற்றிப் பேச வெட்கம்! எனக்கு வந்த ஆத்திரத்தில், “அம்மா, நீங்க வெளிய போங்க!” என்று கத்தினேன்.

“நான் என்ன செய்தன் கா?” என்று அம்மா அழுதுகொண்டே போனார். அதன் பிறகுதான் இவர் சொன்னார். சாமத்திய வீட்டுக்கு முன் நின்றுவிட வேண்டும் என்று, வயிற்றோட்டத்தை நிறுத்துகிற குளிசையை அதே பாமசியில் வாங்கி, வயிறு பிசையும்போதெல்லாம் ஒவ்வொன்றாகப் போட்டிருக்கிறார்.

அந்தப் பிள்ளை எனக்கு விளங்கும்படி சொன்னாள். குடலுக்குள் எண்ண முடியாத அளவுக்குக் கிருமிகள் குடியிருக்கின்றனவாம், பெரும்பாலானவை நமக்கு நல்லது செய்பவை. இடத்தையும் தீனியையும் அவை பிடித்துக்கொண்டிருக்கும்வரை கெட்டவற்றால் தலைதூக்க முடியாது. இவர் அளவுக்கு மிஞ்சி விழுங்கிய அன்டிபயோட்டிக் நல்லவற்றைத் துடைத்துவிட்டது. வித்துப்போல ஓடு மூடிக் கிடக்கிற ஒரு கெட்ட பக்டீரியா மட்டும் சாகாமல் இருந்து, போட்டிக்கு ஆளில்லாமல் பெருகி, நஞ்சைக் கக்கியிருக்கிறது. உடம்பு அந்த நஞ்சைத்தான் வெளியே தள்ளப் பார்த்தது. “நீங்க கதவப் பூட்டிட்டீங்க” என்றாள்.

எனக்கு எங்கள் வயல் வட்டை ஞாபகத்துக்கு வந்தது. நெல் அடர்ந்து நிற்கும் இடத்தில் புல் ஏறாது, நெல் அழிந்த இடத்தை ஒரு மழைக்குள் மூடிவிடும். வருடக்கணக்காக அதைப் பார்க்கிறவர் இவர்.

ஒப்பரேஷன் செய்கிற சேர்ஜன் வந்தார். மருந்து கொடுத்துப் பார்க்கிறோம், நாளைக்குள் வயிறு வற்றாவிட்டால் பெருங்குடலை வெட்டி எடுக்க வேண்டும், வெடித்துவிட்டால் பிறகு எங்கள் கையில் இல்லை என்றார். நான் கட்டிலடியில் நிலத்தில் இருந்தேன். அம்மாளை வையக்கூட மனதில் தெம்பில்லை. மறுநாள் மத்தியானம் வயிறு கொஞ்சம் இளகியது. கத்தி வைக்கவில்லை. வீட்டுக்கு விடும்போது டொக்டர் பிள்ளை, அந்த வித்து இன்னும் உள்ளே இருக்கலாம், நல்ல கிருமிகள் திரும்ப வளரும்வரை அது மறுபடி எழும்பப் பார்க்கும், வயிற்றோட்டமோ காய்ச்சலோ வந்தால் உடனே கொண்டுவாருங்கள் என்று என் கையைப் பிடித்துச் சொன்னாள்.

மற்றவர்களுக்கும் தொற்றலாம் என்று கக்கூஸைக் குளோரின் போட்டுக் கழுவச் சொல்லியிருந்தார்கள். வளவு முழுக்க அந்த மணம். அக்கா தன் வீட்டுக்குப் பின்னால் புதிதாக ஒரு கக்கூஸ் கட்டக் கல் இறக்கினாள். அவளைக் குற்றம் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை, அவளும் பிள்ளை வைத்திருக்கிறவள். இவர் அந்தக் கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, “கொஞ்ச நாளைக்கு எங்கட அம்மாட்டப் போய் இரிக்கன்” என்றார். கலியாணம் முடித்தவன் தாய் வீட்டுக்குத் திரும்பினால் ஊர் என்ன சொல்லும்? சண்டை பிடித்தேன், அழுதேன். உடுப்புப் பையோடு போய்விட்டார்.

கொக்கட்டிச்சோலையில் அவர்களுடைய கக்கூஸ் வளவின் மூலையில், மாமரங்களுக்குப் பின்னால் இருக்கிறது. யார் போகிறார்கள், யார் வருகிறார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. அவருக்கு அது நிம்மதி. எனக்கு அதுதான் பயம். போன் எடுத்தால் நல்ல சுகம் என்கிறார்.

போன சனிக்கிழமை சொல்லாமல் ஓட்டோவில் போய் இறங்கினேன். விறாந்தையில் படுத்துக் கிடந்தார். வெயிலில் நின்றதால் உடம்பு கொஞ்சம் சூடு என்றார். சோற்றுக் கோப்பை தொடாமல் பக்கத்தில் இருந்தது. நான் அவரிடம் கேட்கவில்லை. நேரே குசினிக்குப் போய் மாமியிடம், இவர் வெளிக்குப் போகிறாரா என்று கேட்டேன்.

“அதையேன் கேக்கிறாய் மகள்? முதல் ஒரே ஓட்டமாத்தான் இருந்த. நான் மாதுளங்கோது அவிச்சுக் குடுத்தன், நேத்தையோட நிண்டுட்டு” என்றார் சந்தோசமாக.

வாசலில் ஓட்டோ திரும்பிக்கொண்டிருந்தது. நிறுத்து, நிறுத்து என்று கத்திக்கொண்டு ஓடினேன்.