திருமூர்த்தி எண்ணிய அறுபது மிஷின்

எங்கள் தெருவில் திருமூர்த்தி என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. 'கடன் பை சொத்து' என்று கேட்டால் குழந்தைகூட வீட்டைக் காட்டும்.

தையல் மிஷின்களை வாடகைக்கு விடுவது அவர் தொழில். அதைப் பார்த்துக்கொள்வதென்னவோ மனைவி நாகஜோதிதான். இவர் போன வருடம் கல்யாண மண்டபத்தில் நடந்த இலவச வகுப்புக்குப் போய், மதியச் சாப்பாட்டோடு ஒரு கணக்கையும் வாங்கி வந்தார். கம்பெனியின் மொத்தக் கடனை மொத்தச் சொத்தால் வகுக்க வேண்டும்; அதுதான் 'கடன் பை சொத்து'. அரைக்குள் வந்தால் நம்பலாம். ஒன்றைத் தாண்டினால், இருப்பதையெல்லாம் விற்றாலும் கடன் அடையாது. மனிதர் அதையே பிடித்துக்கொண்டார். டீக்கடையில் பாய்லர் என்ன விலை, பால்காரருக்கு எவ்வளவு பாக்கி என்று கேட்டு வகுத்துவிட்டுத்தான் டீயே குடிப்பார். எனக்கு ஒன்றேகால் வந்தது. அதிலிருந்து நான் அவரோடு பேசுவதில்லை.

அவரிடம் பனியன் கம்பெனி முகிலன் வந்தான். எட்டு லட்சம் போட்டால் பங்கு தருவதாகச் சொன்னான். அந்த எட்டு லட்சம், வீடு கட்டுவதற்காக நாகஜோதி பத்து வருடம் சீட்டுக் கட்டிச் சேர்த்தது.

"கணக்குப் பாக்காம போடுவனா புள்ள?" என்று அவளையும் கம்பெனிக்குக் கூட்டிப்போனார். பேசுவதில்லையே தவிர, வேடிக்கையை விடுவேனா? நானும் போனேன்.

கடன் பன்னிரண்டு லட்சம் என்று முகிலன் ஒளிக்காமல் சொன்னான். திருமூர்த்தி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மிஷின்களை எண்ணினார். அறுபது. ஒன்று நாற்பதாயிரம் என்றால் இருபத்து நாலு லட்சம்.

"அரை! கச்சிதமா அரை!" என்று செக்கில் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார்.

நாகஜோதி ஒரு மிஷினைக் குனிந்து பார்த்தாள். "ஏனுங்க, இந்த முருகன் ஸ்டிக்கரு ஆயுத பூசைக்கு நான் ஒட்டுனதுங்க. தையல் கான்ட்ராக்டர் நம்மகிட்ட வாடகைக்கு எடுத்தாரே, அந்த நாப்பது மிஷினும் இங்கதானுங்க இருக்குது."

முகிலன் தலையைச் சொறிந்தான். "இங்க ஆள் வெச்சுத் தைக்கற கான்ட்ராக்டர் கொண்டாந்து போட்டதுங்ண்ணா. என்னோடதுன்னு நான் சொல்லவே இல்லீங்களே. நீங்களா எண்ணுனீங்க."

திருமூர்த்திக்கு முகம் செத்துவிட்டது. மீதி இருபது மிஷினுக்கு எட்டு லட்சம். வகுத்தார். ஒன்றரை. எனக்கே பாவமாக இருந்தது.

"உங்க எட்டு லட்சத்தைச் சேத்துப் போட்டுப் பாருங்ண்ணா, முக்காலு வந்துரும்" என்றான் முகிலன்.

இவர் போட்டுப் பார்த்தார். முக்கால்தான், ஒன்றைத் தாண்டவில்லை. கை மறுபடி பேனாவுக்குப் போனது!

"ஏனுங்க, மிஷினும் நம்மளுது, பணமும் நம்மளுது. கடன் மட்டுந்தான் தம்பியோடதுங்களா?" என்று நாகஜோதி செக் புத்தகத்தைப் பிடுங்கிப் பைக்குள் போட்டாள்.

திரும்பும் வழியில் டீக்கடையில் நின்றோம். திருமூர்த்தி பாய்லர் பக்கம் திரும்பாமல் டீயைக் குடித்தார்.